ஸ்பென்சரில் மாமாவுக்கு ஒரு கடை

பேருந்து எல்.ஐ.சி.யைத் தாண்டியதும் கண்டக்டர் "ஸ்பென்சர் எல்லாம் முன்னாடி வா" என்று குரல் கொடுப்பார். சென்னை அண்ணா சாலையில் இருக்கிற ஸ்பென்சர் பிளாசா வணிக வளாகத்தைத்தான் சொல்கிறார். பிளாசா என்ற சொல்லை கண்டக்டர்கள் வாயிலிருந்து நான் கேட்டதே இல்லை. திருவல்லிக்கேணியில் எங்கள் வீட்டிலும் அப்படித்தான். "ஸ்பென்சர்ல மாமா கடையில இருக்கேன்", "ஸ்பென்சர் வரைக்கும் போய்ட்டு வரேன்". நூற்று முப்பது வருஷமாக அந்த இடத்துக்கு அந்த ஒரு பெயர்தான். கட்டடம் மாறியது, கடைகள் மாறின, சரக்கு மாறியது, வாங்க வருபவர்கள் மாறினார்கள். பெயர் அப்படியே நிற்கிறது.

இதில் ஒரு பாதியை நான் ஒரு சின்னக் கடைக்குள் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பார்த்தவள். என் தாய்மாமாவின் கடை அது. எஸ்கலேட்டரிலிருந்து இறங்கி இரண்டு திருப்பம் திரும்பினால் வரும். மூன்று கட்டில் போட்டால் நிறைந்துவிடும். 1995-ல் அதை வாங்கினார். கவனியுங்கள், வாடகைக்கு எடுக்கவில்லை, வாங்கினார். இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வந்ததெல்லாம் அந்த ஒரு சொல்லில்தான் இருக்கிறது.

ஏன் வாங்கினார் என்று சொல்ல வேண்டுமானால் மூர் மார்க்கெட்டில் தொடங்க வேண்டும். சென்ட்ரல் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில், இன்று புறநகர் ரயில்கள் வந்து நிற்கிற இடத்தில் இருந்தது அந்தச் சந்தை. மாநகராட்சித் தலைவராக இருந்த சர் ஜார்ஜ் மூரின் பெயரில் 1900-ல் திறந்தார்கள். பழைய புத்தகம், பழைய கடிகாரம், லவ் பேர்ட்ஸ், பீங்கான் பொம்மை என்று எது வேண்டுமானாலும் கிடைக்கும். அங்கே தாத்தாவுக்கு ஓர் இசைத்தட்டுக் கடை, வாடகைக்கு. 1985 மே மாதக் கடைசியில் மூர் மார்க்கெட் எரிந்தது. மறுநாள் மாமாவும் தாத்தாவும் போய்ப் பார்த்தபோது இசைத்தட்டுகள் உருகி, ஒன்றோடு ஒன்று ஒட்டி, சுட்டு அடுக்கிய கறுப்பு தோசை மாதிரி கிடந்ததாம். மாமா அதில் ஒரு கட்டியைத் துணியில் சுற்றி வீட்டுக்குக் கொண்டு வந்தார். பரண் மேல் வெகுநாள் இருந்தது. எனக்கு அப்போது ஆறு வயது, அதைத் தொட்டுப் பார்த்தது நினைவிருக்கிறது.

மூர் மார்க்கெட் வியாபாரிகளுக்குப் பக்கத்தில் அல்லிக்குளத்தில் இடம் கொடுத்தார்கள். தாத்தா போகவில்லை. "கட்டடம் நம்மளது இல்ல, நிலம் நம்மளது இல்ல, சரக்கு மட்டும் நம்மளது. சரக்கு போச்சுன்னா என்ன மிச்சம்?" என்று கேட்டவர், அதற்குப் பிறகு எந்தக் கடையிலும் உட்காரவில்லை. மாமா பாரிமுனையில் ஒரு கேசட் கடையில் சம்பளத்துக்குச் சேர்ந்தார். பத்து வருஷம் சீட்டு கட்டி, கல்யாணத்தைத் தள்ளிப்போட்டு, பாட்டியின் இரண்டு வளையலையும் சேர்த்து, ஸ்பென்சரில் அந்தக் கடையை வாங்கினார்.

வீட்டில் பெரிய சண்டை. அந்தக் காசுக்கு ஆவடியில் ஒரு கிரவுண்டு கிடைக்கும் என்பது பாட்டியின் கணக்கு. அதைவிட அவர் மனதைக் குடைந்தது வேறு. "மூர் மார்க்கெட்ல எரிஞ்சது போதாதா? மறுபடி எரிஞ்ச எடத்துலயே போய்க் கடை வைக்கணுமா?" என்று கேட்டார்.

பாட்டி சொன்னது உண்மைதான். மூர் மார்க்கெட்டுக்கு இரண்டு வருஷம் முன்பு, 1983-ல், ஸ்பென்சரும் தீயில் போயிருந்தது.

அந்தப் பழைய ஸ்பென்சரைப் பற்றி மாமா நிறையத் தெரிந்து வைத்திருந்தார். கூட்டமில்லாத மத்தியானங்களில் எனக்குச் சொல்வார். அவர் சொன்னதையும் நான் பின்னால் படித்ததையும் சேர்த்து எழுதுகிறேன். 1863-ல் சார்லஸ் டூரண்ட், ஜே.டபிள்யூ. ஸ்பென்சர் என்ற இருவர் மவுண்ட் ரோட்டில், அதாவது இன்றைய அண்ணா சாலையில், தொடங்கிய வியாபாரம் அது. பிறகு யூஜின் ஓக்‌ஷாட் கைக்கு வந்தது. பெயர் ஸ்பென்சருடையது, ஆனால் அதைப் பெரிதாக்கியவர் ஓக்‌ஷாட். 1895-ல் இப்போதைய இடத்தில், கோபுரமும் வளைவுகளுமாக இந்தோ சாரசனிக் பாணியில் பெரிய கட்டடத்தை எழுப்பினார். வடிவமைத்தவர் டபிள்யூ.என். போக்சன். ஒரே கூரையின் கீழ் எண்பதுக்கும் மேற்பட்ட பிரிவுகள். பக்கத்தில் இருக்கிற கன்னிமாரா ஹோட்டலையும் அவரே வாங்கினார். திண்டுக்கல்லில் ஸ்பென்சருக்குச் சுருட்டுத் தொழிற்சாலை இருந்தது. ரயில் நிலையங்களில் சிற்றுண்டிச் சாலைகள் நடத்தினார்கள். ஸ்பென்சர் சோடாவைப் பற்றி எங்கள் தெருப் பெரியவர்கள் பேசும்போதே நாக்கைச் சப்புக்கொட்டுவார்கள். துணைக்கண்டத்தின் பல ஊர்களில் கிளைகள். மாலை நேரத்து மவுண்ட் ரோட்டில் ஹிக்கின்பாதம்ஸ், பி.ஆர் அண்ட் சன்ஸ், ஒயிட்அவே லெய்ட்லா என்று வெள்ளைக்காரர் கடைகள் வரிசையாக நின்ற காலத்தில், அந்த வரிசைக்கே ராஜா மாதிரி இருந்தது ஸ்பென்சர்.

தாத்தா மவுண்ட் ரோட்டில் ஆயிரம் தடவை நடந்திருப்பார். அந்தக் கட்டடத்துக்குள் ஒரு தடவை கூடக் காலெடுத்து வைத்ததில்லை. யாரும் தடுக்கவில்லை. சுதந்திரம் வந்து முப்பது வருஷம் ஆகியும், "அது துரைமார் கடைம்மா" என்பார். விலைப்பட்டியல் பார்த்து வந்த தயக்கமா, வாசற்படியைப் பார்த்து வந்த தயக்கமா, தெரியவில்லை. மாமா பத்திரத்தைக் கொண்டுவந்து காட்டிய அன்று தாத்தா கண்ணாடி போட்டுக்கொண்டு, ஒவ்வொரு பக்கமாக, ஒரு மணி நேரம் படித்தார். மகன் பெயருக்குப் பக்கத்தில் ஸ்பென்சர் என்ற சொல் இருந்த இடத்தில் விரலை வைத்துக்கொண்டே இருந்தார். எங்கள் வீட்டுப் பெண்களின் எதிர்ப்பு அதோடு அடங்கியது.

தீக்குப் பிறகு மனை பல வருஷம் சும்மா கிடந்தது. 1989-ல் ஆர்.பி.ஜி. குழுமம் ஸ்பென்சர் நிறுவனத்தை வாங்கியது. 1991-ல் புதுக் கட்டடத்தின் முதல் பகுதி திறந்தது. நாடு பொருளாதாரக் கதவைத் திறந்துவிட்ட அதே வருஷம். மால் என்ற சொல் அப்போது எங்களிடம் கிடையாது, ஷாப்பிங் காம்ப்ளெக்ஸ் என்போம். பின்னால் இரண்டு பகுதிகள் சேர்ந்தன. ஃபேஸ் ஒன், ஃபேஸ் டூ, ஃபேஸ் த்ரீ. எங்கே முடிந்து எங்கே தொடங்குகிறது என்று பழகியவர்களுக்கே குழப்பம்தான். "வழி கேட்டு வர்றவங்கதான் நமக்குப் பாதிக் கஸ்டமர்" என்று மாமா சொல்வார். நிஜமாகவே, ஏதோ ஒரு கடையைத் தேடி வழிதப்பி வந்தவர்கள் அவர் வாசலில் நின்று இரண்டு கேசட் வாங்கிப் போவார்கள்.

புது ஸ்பென்சரில் ஒரு விஷயத்தை அந்தக் காலத்தில் யாரும் பெரிதாக யோசிக்கவில்லை. எண்பது பிரிவு இருந்த பழைய ஸ்பென்சருக்கு முதலாளி ஒருவர். புதுக் கட்டடத்திலோ கடைகளைத் தனித்தனியாக விற்றார்கள். நகைக்கடைக்காரர், ஏற்றுமதித் துணி விற்பவர், வெளிநாட்டில் சம்பாதித்துவிட்டுத் திரும்பியவர், ஓய்வுபெற்றவர், என் மாமா மாதிரி சீட்டுப் பணம் சேர்த்தவர் என்று பலபேர் வாங்கினார்கள். கட்டடம் ஒன்று, முதலாளிகள் நூற்றுக்கணக்கில். மூர் மார்க்கெட்டை நிமிர்த்தி அடுக்கி ஏசி போட்ட மாதிரி என்று எனக்குத் தோன்றும். தாத்தாவுக்கு அது பிடித்துப்போனதற்கும் அதுதான் காரணமாக இருக்கும். அந்த வயதில் மெதுவாக ஏறி வந்து, கடை வாசலில் உட்கார்ந்து, போகிற வருகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

முதல் சில வருஷம் நல்ல வியாபாரம். இளையராஜாவும் ரகுமானும் பக்கத்துப் பக்கத்து அடுக்கில். மாமா தச்சரை வைத்துத் தேக்குப் பலகையில் ஓர் அலமாரி செய்திருந்தார், சுவர் முழுக்க. ஒவ்வொரு கண்ணறையும் ஒரு கேசட் படுத்தவாக்கில் நுழையும் அளவு. சரியாக அந்த அளவு, ஒரு நூல் கூட இல்லை. காலையில் போணி ஆகும்வரை மாமா அதைத் துணியால் துடைத்துக்கொண்டே இருப்பார். சனிக்கிழமை மாலை கடைக்குள் நிற்க இடமிருக்காது. இலங்கையிலிருந்தும் மாலத்தீவிலிருந்தும் வருபவர்கள் மொத்தமாக வாங்கிப் போவார்கள். கொழும்பிலிருந்து வருஷம் ஒருமுறை வரும் ஓர் அம்மா, பட்டியல் எழுதிய நோட்டோடு வருவார். ஐம்பது அறுபது கேசட். அவர் பேசும் தமிழைக் கேட்கவே நான் பள்ளி முடிந்து ஓடுவேன்.

அப்புறம் மியூசிக் வேர்ல்டு வந்தது. ஆர்.பி.ஜி. குழுமத்தின் கடைதான் அதுவும். எங்கள் கடையைப் போல ஐம்பது கடை அதற்குள் நுழையும். காதில் ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு பாட்டைக் கேட்டுப் பார்த்துவிட்டு வாங்கலாம், வாங்காமலும் போகலாம். என் வயதுப் பிள்ளைகளுக்கு அது கோயில் மாதிரி. நான் முதல் தடவை போனது மாமாவுக்குத் தெரியாமல். வெளியே வரும்போது அவர் எதிரே நின்றுகொண்டிருந்தார். "என்ன பாப்பா, கேட்டியா? நல்லா இருக்கா?" என்றார். கோபம் துளியும் இல்லை. அவரும் உள்ளே போய், கண்ணை மூடிக்கொண்டு, பாதி நேரம் ஹெட்ஃபோனைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, ஒரு முழுப் பாட்டும் கேட்டார். திரும்பி வரும் வழியில், "இனிமே கேசட் ஓடாது" என்று மட்டும் சொன்னார்.

ஓடவில்லைதான். மாமா குறுந்தகட்டுக்கு மாறினார். அது நான்கைந்து வருஷம் தாங்கியது. பிறகு பாட்டு எம்பி3 ஆகி, காசு கொடுத்து வாங்குகிற பொருளாகவே இல்லாமல் போனது. மாமா செல்போனுக்கு மாறினார். சிம் கார்டு, டாப் அப், சார்ஜர், கவர். சரக்கு மாறினாலும் அந்த அலமாரியை அவர் எடுக்கவில்லை. கேசட் படுத்திருந்த கண்ணறைகளில் செல்போன் பேட்டரிகள் உட்கார்ந்தன.

ஸ்பென்சரின் நல்ல காலம் என்று நான் நினைப்பது அந்த வருஷங்களைத்தான். 1987-ல் நுங்கம்பாக்கத்தில் தொடங்கிய லேண்ட்மார்க் புத்தகக் கடை இங்கேயும் வந்திருந்தது. வேலைக்குச் சேர்ந்த புதிதில், சம்பளம் வந்த மறுநாள் அங்கேதான் இருப்பேன். தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து படித்தாலும் யாரும் எழுப்ப மாட்டார்கள். வெஸ்ட்சைடில் ஒரு குர்தா, கீழே வந்து ஒரு காபி, பிறகு மாமா கடை. மேல்மாடி அலுவலகங்களில் வேலை செய்பவர்கள் கழுத்தில் அடையாள அட்டையோடு சாப்பாட்டு நேரத்தில் இறங்கி வருவார்கள். ஒரு பக்கம் கம்பெனிக் கடைகள், இன்னொரு பக்கம் டீ-ஷர்ட்டைக் குவித்து வைத்துப் பேரம் பேசி விற்கும் சின்னக் கடைகள். பேரம் பேசத் தெரியாதவர்களுக்கும் பேரம் பேசாமல் வாங்கத் தெரியாதவர்களுக்கும் ஒரே கட்டடத்தில் இடம் இருந்தது. சென்னையில் அதற்கு முன்பும் அதற்குப் பின்பும் அப்படி ஓர் இடத்தை நான் பார்த்ததில்லை.

சினிமா மட்டும் அங்கே இல்லை. இன்று மால் என்றாலே ஏழெட்டுத் திரை இருந்தாக வேண்டும். ஸ்பென்சர் கட்டப்பட்டபோது அது தேவைப்படவில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ஒரு பக்கம் நடந்தால் தேவி, சாந்தி, அலங்கார், இன்னொரு பக்கம் ஆனந்த், சஃபையர், கொஞ்சம் தள்ளி சத்யம். மவுண்ட் ரோடே தியேட்டர் வரிசை. படம் பார்த்துவிட்டு ஸ்பென்சர், ஸ்பென்சர் பார்த்துவிட்டுப் படம். அந்தத் தியேட்டர்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டபோது ஸ்பென்சரின் வாசலுக்கு வந்துகொண்டிருந்த ஒரு கூட்டமும் குறைந்தது. அலங்கார் போயிற்று, சஃபையர் போயிற்று, ஆனந்த் போயிற்று, 2016-ல் சாந்தியும் மூடியது.

2006-ல் ராதாகிருஷ்ணன் சாலையில் சிட்டி சென்டர். 2009-ல் அமைந்தகரையில் ஸ்கைவாக். 2010-ல், ஸ்பென்சரிலிருந்து நடந்தே போகிற தூரத்தில், பழைய இந்தியன் எக்ஸ்பிரஸ் வளாகம் இருந்த இடத்தில் எக்ஸ்பிரஸ் அவென்யூ. அது திறந்த முதல் ஞாயிற்றுக்கிழமை மாமாவும் நானும் போனோம். மாமா பொருளெதையும் பார்க்கவில்லை. கடைக்காரர்களிடம் போய்ப் பேச்சுக் கொடுத்தார். "சொந்தக் கடையா, வாடகையா?" என்பதுதான் அவர் கேட்ட ஒரே கேள்வி. எல்லாரும் வாடகை. கட்டடம் முழுக்க ஒரே கையில். எந்தக் கடை எந்த மாடியில் இருக்க வேண்டும், எது பெரிய கடை, எது அதற்குப் பக்கத்தில் வரவேண்டும் என்பதை உட்கார்ந்து யோசித்து முடிவு செய்கிறார்கள். ஓடாத கடையை மாற்றுகிறார்கள்.

வெளியே வந்து படியில் உட்கார்ந்து மாமா சொன்னதை நான் இன்றுவரை யோசித்துக்கொண்டிருக்கிறேன். "இங்க ஒருத்தன் யோசிக்கிறான், மத்தவங்க கேக்கறாங்க. நம்ம எடத்துல எல்லாரும் யோசிக்கிறோம், யாரும் கேக்கறதில்ல."

பெரிய கடை ஒன்று உள்ளே வரவேண்டுமென்றால் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் பத்துப் பதினைந்து கடைகளைச் சேர்க்க வேண்டும். பத்துப் பதினைந்து பேரும் சம்மதிக்க வேண்டும். ஒருவர் துபாயில் இருப்பார், ஒருவர் இறந்து அவருடைய பிள்ளைகளுக்குள் வழக்கு நடக்கும், ஒருவர் மாமா மாதிரி கொடுக்கவே மாட்டார். கடைகளைத் தனித்தனியாக விற்ற எந்த வளாகத்திலும் இதுதான் நடக்கும். எழும்பூர்ப் பக்கத்துப் பழைய வளாகங்களில் ஒரு நடை நடந்தாலே புரியும். வாங்கி வைத்தவர்கள் தொழிலில் இல்லை, தொழிலில் இருப்பவர்களுக்கு முடிவெடுக்க உரிமை இல்லை. ஷட்டர்கள் இறங்கும்போது ஒன்றிரண்டாகத்தான் இறங்கும், ஆனால் இறங்கிய ஷட்டருக்குப் பக்கத்துக் கடைக்கு யார் வருவார்கள்?

2013-ல் மியூசிக் வேர்ல்டு நாடு முழுக்கவே மூடியது. அந்தச் செய்தியைப் படித்தபோது, முன்பு மாமா ஹெட்ஃபோனில் பாட்டுக் கேட்டாரே, அந்த மூலையை நினைத்துக்கொண்டேன். லேண்ட்மார்க்கும் போனது. அதற்கு நான் அழுதேன் என்றே சொல்வேன். மெட்ரோவுக்காக அண்ணா சாலையைத் தோண்டிய வருஷங்கள் வேறு. 2014-ல் மாமாவின் முழங்காலும் ஒத்துழைக்கவில்லை. கடையை வாடகைக்கு விட்டார்.

ஸ்பென்சர் செத்துவிட்டது என்று எழுதுகிறார்கள், பேசுகிறார்கள். எனக்கு அது ஒப்புதல் இல்லை. ஒரு முதலாளியின் கையில் இருந்திருந்தால் இந்நேரம் இடித்துவிட்டு வேறு ஏதாவது கட்டியிருப்பார்கள். நூற்றுக்கணக்கான பேர் பத்திரத்தைப் பிடித்துக்கொண்டிருப்பதால்தான் அந்த மனையின் முன்னேற்றம் நின்றது என்பதை ஒப்புக்கொள்கிறேன். அதே காரணத்தால்தான் ஐந்துக்குப் பத்து இடத்தில் ஒரு தையல்காரரும், ஒரு கைவினைப்பொருள் கடைக்காரரும், டீ-ஷர்ட் விற்கும் பையனும் நகரத்தின் நடுவில், அண்ணா சாலையின் மேல், தங்கள் பெயரில் போர்டு மாட்டிக்கொண்டு உட்கார முடிகிறது. புது மால்களில் அவர்களுக்கு நடைபாதையில் ஒரு தள்ளுவண்டிக் கடை கிடைத்தாலே பெரிது.

மாமாவின் கடையை எடுத்திருப்பவர் ஒரு காஷ்மீரி. ஸ்பென்சருக்குள் காஷ்மீரிக் கடைகள் எத்தனையோ இருக்கின்றன. 1990-ஐ ஒட்டி காஷ்மீரில் சுற்றுலா படுத்துப்போனபோது, சால்வையும் கம்பளமும் மரச் செதுக்கலும் செய்கிற குடும்பங்கள் பல, வாங்குபவர்களைத் தேடித் தெற்கே வந்தன. இவர் அப்பாவும் அப்படி வந்தவர்தானாம். இவர் பள்ளிக்கூடம் போனதே சென்னையில். தமிழ் நம்மைப் போலப் பேசுவார், "இன்னா சார்" உட்பட.

முதல் மாதம் வாடகை வாங்கப் போனபோது மாமாவுக்கு ஒரே சங்கடம். அந்த அலமாரி இன்னும் சுவரில் இருந்தது. "தம்பி, அது பழசு. உங்க சரக்குக்கு ஆவாது. ஆள் விட்டுக் கழட்டி எடுத்துக்கறேன்" என்றார்.

அவர் பதில் சொல்லாமல் ஒரு அட்டைப் பெட்டியைத் திறந்தார். உள்ளே காகிதக் கூழில் செய்து, மேலே பூவும் பறவையுமாகத் தீட்டிய சின்னச் சின்னப் பெட்டிகள். ஒன்றை எடுத்துக் கண்ணறைக்குள் தள்ளினார். ஒரு நூல் இடைவெளி இல்லாமல் உள்ளே போய் உட்கார்ந்தது. அடுத்ததை எடுத்தார். அது முடிந்து அடுத்தது. மாமா ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, பெட்டியிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுக்க ஆரம்பித்தார். இரண்டு வரிசை முடிந்ததும், "மேல் வரிசைக்குச் சிவப்பு குடுங்க அண்ணா, வாசல்லேருந்து அதான் கண்ணுக்குத் தெரியும்" என்றார் அவர். மாமா சிவப்பாகப் பார்த்துப் பார்த்து எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். நான் வந்த வேலை மறந்து வாசலில் நின்றேன்.